எரித்த சுயசரிதையும் ஏழு கட்டுரைகளும்

(திரைப்படச் சங்கம் ஒன்றின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நடிகர்கள் தங்களைப் பற்றி எழுதிய நூல்களைக் குறித்துப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பல நூல்களைத் தொட்டுத் தொட்டுச் செல்வதைவிட ஒன்றை எடுத்துக்கொண்டு நின்று பேசலாம் என்று தோன்றியது. 1982-ல் நியூயார்க்கில் வெளிவந்த 'லூலூ இன் ஹாலிவுட்' என்ற புத்தகம் அது. எழுதியவர் லூயிஸ் புரூக்ஸ். புத்தகம் வந்தபோது அவருக்கு 75 வயது. கடைசியாகப் படத்தில் நடித்து 44 ஆண்டுகள் ஆகியிருந்தன. மெல்லிய நூல்தான், மொத்தம் ஏழு கட்டுரைகள். சினிமாக்காரர் ஒருவர் இத்தனை மனம் திறந்து எழுதிய வேறொரு நூலை நான் படித்ததில்லை.

சென்ற மாதம் இதே அரங்கில், புரூக்ஸ் லூலூவாக நடித்த 'பண்டோராவின் பெட்டி' படத்தைப் பார்த்தோம். நெற்றியை மறைத்து வெட்டிய கருங்கூந்தல், கன்னத்தில் வளைந்து நிற்கும் அந்த முனைகள், அந்தச் சிரிப்பு. 1929-ல் வந்த ஊமைப்படம். பார்த்துவிட்டு வெளியே வந்தபோது இளைஞர்கள் சிலர், "இந்த அம்மா அதற்கப்புறம் என்ன ஆனார்?" என்று கேட்டார்கள். இன்று நான் பேசப்போவது அந்தக் கேள்விக்கும் ஓரளவு பதிலாக இருக்கும்.

முதலில் ஒரு முரணைச் சொல்லிவிடுகிறேன். மனம் திறந்து எழுதியதற்காக நான் கொண்டாடும் இந்த எழுத்தாளர், தன் சுயசரிதையை எழுதி, அதைத் தன் கையாலேயே குப்பை எரிக்கும் உலையில் போட்டவர். நியூயார்க்கில் வறுமையில் இருந்த காலத்தில் அது நடந்தது. கெதேயின் 'ஃபௌஸ்ட்' நாடகத்தில் நிர்வாணமாக ஆட்டின் மேல் ஏறி வரும் சூனியக்காரியை வைத்துத் தலைப்புக்கூட வைத்திருந்தார். பிறகு பல ஆண்டுகள் கழித்து, என் வாழ்க்கை நினைவுகளை நான் ஏன் எழுத மாட்டேன் என்று விளக்கி ஒரு தனிக் கட்டுரையே எழுதினார். அதில் அவர் சொல்லும் காரணம் எளிமையானது. ஒரு மனிதரின் காமமும், அதிலிருந்து பிறக்கும் அன்பும் பகையும் சொல்லப்படாமல் அவருடைய வாழ்க்கை யாருக்கும் புரியாது. அதைச் சொல்லும் மனம் தனக்கு இல்லை. கான்சாஸின் பைபிள் மண்ணில் வளர்ந்தவள் தான், அந்தக் கட்டு இன்னும் அவிழவில்லை. பாதி உண்மையை முழு வாழ்க்கை என்று விற்க விரும்பாததால் எழுதவில்லை என்கிறார்.

இதைவிட நேர்மையான மறுப்பை நான் கண்டதில்லை. ஆனால் அவர் எழுதாமல் இருந்துவிடவில்லை. சுயசரிதையைக் கைவிட்டு, தான் அறிந்த மனிதர்களைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். ஒரு இயக்குநர், இரண்டு நடிகர்கள், இறந்துபோன ஒரு தோழி, இரண்டு பெரும் நட்சத்திரங்கள், தன்னை லூலூவாக்கிய மேதை. நேரடியாகத் தன்னைப் பற்றியது முதல் கட்டுரை மட்டும்தான். இருந்தும் ஏழையும் படித்து முடித்தால் லூயிஸ் புரூக்ஸைத் தெரிந்துகொண்டுவிட்டோம் என்ற நிறைவு வருகிறது. தன்னை மையத்தில் நிறுத்திக்கொண்டு எழுதும்போது நடிகர்களுக்கு மறுபடியும் நடிக்கத்தான் வருகிறது. பார்வையை இன்னொருவர்மேல் திருப்பியபோது புரூக்ஸ் நடிப்பதை நிறுத்திவிட்டார். இந்தப் புத்தகத்தைப் பற்றி நான் சொல்ல வந்தது இதுதான்.

அவர் 1906 நவம்பர் 14-ல் கான்சாஸ் மாநிலத்தில் செரிவேல் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். தாய் நன்றாகப் பியானோ வாசிப்பார். டெபுஸ்ஸியும் ராவெலும் அந்த வீட்டில் ஒலித்துக்கொண்டே இருந்தார்கள். பிள்ளை வளர்ப்பில் அந்தத் தாய்க்கு நாட்டமில்லை. தான் பெறும் பிள்ளைகள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று கணவரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டவர். ஆனால் வீட்டில் புத்தகங்கள் இருந்தன. டிக்கன்ஸ், தாக்கரே, டார்வின், எமர்சன், மார்க் ட்வைன். பிள்ளைகள் எதை எடுத்துப் படித்தாலும் கேட்பார் இல்லை. தாயைப் பற்றி எழுதும்போது புரூக்ஸ் குறைசொல்லவும் இல்லை, பாசத்தைப் பொழியவும் இல்லை. அந்தப் பெண்மணி எப்படி இருந்தாரோ அப்படியே எழுதுகிறார். தனக்குக் கிடைத்த சுதந்திரமும், தான் அனுபவித்த தனிமையும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்று நமக்குப் புரிகிறது.

1922-ல், 15 வயதில், நியூயார்க்கில் டெனிஷான் நடனப் பள்ளியில் சேரப் புறப்படுகிறார். ரூத் செயின்ட் டெனிஸ், டெட் ஷான் தம்பதியின் பள்ளி அது. துணைக்கு 36 வயதுக் குடும்பப் பெண் ஒருவர் போகிறார். அந்தப் பள்ளியின் நடனக் குழுவில்தான் மார்த்தா கிரகாம் ஆடிக்கொண்டிருந்தார். நடிப்பைக் கிரகாமின் ஆட்டத்தைப் பார்த்தும், திரையில் உடலை அசைக்கும் விதத்தைச் சாப்ளினின் நடிப்பைப் பார்த்தும் கற்றுக்கொண்டதாகப் புரூக்ஸ் பின்னாளில் சொன்னார். சென்ற மாதம் படத்தில் அவர் ஓர் அறையைக் கடந்து நடந்ததை நினைத்துப் பாருங்கள், இந்தச் சொல்லின் பொருள் விளங்கும். 1924-ல் குழுவிலிருந்து எல்லார் முன்னாலும் நீக்கப்பட்டார். வாழ்க்கை வெள்ளித் தட்டில் வந்து சேரவேண்டும் என்று எதிர்பார்க்கிறாய் என்று செயின்ட் டெனிஸ் அந்தப் பெண்ணிடம் சொன்னாராம். 17 வயதில் பட்ட அந்த அவமானத்தைப் புரூக்ஸ் மறைக்கவில்லை.

அதன்பின் அவர் நியூயார்க்குப் பெண்ணாக மாறிய கதை இந்த நூலின் மிகச் சிறந்த பக்கங்களில் ஒன்று. முதலில் பேச்சு. கான்சாஸ் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள். பிராட்வேயில் ஒரு மருந்துக்கடையின் சோடாக் கவுண்டரில் வேலைபார்த்துக்கொண்டே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு மாணவரிடம் போய், ஒவ்வொரு சொல்லாக உச்சரிப்பைத் திருத்திக்கொண்டார். எதை எப்படிச் சாப்பிட வேண்டும், எந்தக் கரண்டியை எப்போது எடுக்க வேண்டும் என்பதைப் பெரிய உணவகங்களில் பரிமாறுபவர்களிடமே கேட்டுக் கற்றார். அடுத்து உடை. இந்த இடத்தில் அவர் எதையும் பூசி மெழுகவில்லை. பங்குச்சந்தையில் பணம் பண்ணிய ஆண்கள், மேடையில் ஆடும் அழகான பெண்களுக்கு நல்ல உடை வாங்கிக் கொடுத்து விருந்துகளுக்கு அழைத்துச் சென்ற காலம் அது. தானும் அந்தப் பெண்களில் ஒருத்தி என்று எழுதுகிறார். தன்னை அப்பாவி என்று காட்டிக்கொள்ளவில்லை, அந்த ஆண்களை அரக்கர்கள் என்றும் சொல்லவில்லை. யார் என்ன கொடுத்தார்கள், யாருக்கு என்ன கிடைத்தது என்பதை வரவு செலவுக் கணக்குப்போலத் தெளிவாக வைத்துவிடுகிறார். அதில் தெரியும் வேதனையை நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

ஜார்ஜ் வைட்டின் 'ஸ்காண்டல்ஸ்', 1925-ல் சீக்ஃபெல்டின் 'ஃபாலீஸ்', அங்கிருந்து பாரமவுண்ட். திரைப்பட வாழ்க்கையின் தொடக்கத்தை அவரே வேகமாகத் தாண்டிப் போகிறார், நானும் தாண்டுகிறேன்.

'பெகர்ஸ் ஆஃப் லைஃப்' படத்தைப் பற்றிய கட்டுரையில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1928-ல் வில்லியம் வெல்மன் இயக்கிய படம். மெக்சிகோ எல்லையோரம் ஜகும்பா என்ற ஊருக்கு அருகே, ரயில்களின் மேல் படம் பிடித்தார்கள். தன்னை வதைத்த வளர்ப்புத் தந்தையைக் கொன்றுவிட்டு, பையன் வேடத்தில் சரக்கு ரயிலில் தப்பி ஓடும் பெண்ணாகப் புரூக்ஸ் நடித்தார். ஓடும் ரயிலில் ஏறும் ஆபத்தான காட்சியை அவரையே செய்ய வைத்தார் வெல்மன். இந்த விவரங்களையெல்லாம் யாரும் எழுதியிருப்பார்கள். ஆனால் அந்தப் படப்பிடிப்பில் தனக்கு நேர்ந்த இன்னொன்றையும் அவர் எழுதுகிறார். குழுவில் இருந்த ஒரு சண்டைக் கலைஞரின் துணிச்சலில் மயங்கி, ஓர் இரவு அவரைத் தன் அறைக்கு அனுமதிக்கிறார். மறுநாள் காலை விடுதி வாசலில், மற்றவர்கள் காதில் விழும்படி, அந்த ஆள் இவரை நிறுத்தி, உனக்குப் பால்வினை நோய் இருக்கிறதா என்று கேட்கிறார். என் உடம்புதான் என் பிழைப்பு, அதனால் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறார்.

ஒரு பெண் தன் வாழ்வில் மறக்க விரும்பும் கணம் இது. அன்று அவர் பாரமவுண்டின் நட்சத்திரம். எழுதும்போதோ உடல் தளர்ந்தவர், தனியாக வாழ்பவர். எழுதாமல் விட்டிருந்தால் உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் எழுதியது பரபரப்புக்காகவும் அல்ல, அனுதாபத்துக்காகவும் அல்ல. ஒரு படப்பிடிப்புக் குழு எப்படிப்பட்டது, அதில் ஒரு பெண் நட்சத்திரத்துக்கு உண்மையில் இருந்த மரியாதை எவ்வளவு என்பதைச் சொல்ல இந்தக் காட்சி தேவைப்பட்டது. அந்தக் கட்டுரை வெல்மனைப் பற்றியது, ரயில்களைப் பற்றியது, ஆண்களின் கூட்டத்தைப் பற்றியது. தன் காயம் அதற்கு ஒரு சான்று, அந்த அளவுக்குத்தான் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார். தன் காயத்துக்கு எவ்வளவு இடம் என்று அளந்து கொடுக்கும் இந்தக் கட்டுப்பாடு எழுத்தைத் தொழிலாகக் கொண்ட பலரிடமும் இல்லாதது.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். புரூக்ஸ் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1989-ல் பாரி பாரிஸ் எழுதிய வாழ்க்கை வரலாறு வந்தது. சிறுமியாக இருந்தபோது அக்கம்பக்கத்து ஆண் ஒருவனால் அவர் பாலியல் கொடுமைக்கு உள்ளானதையும், பின்னாளில் தாயிடம் சொன்னபோது பழி தன்மேலேயே திரும்பியதையும் வாசகர்கள் அதில் விரிவாகப் படித்தார்கள். சுயசரிதையை ஏன் எரித்தார், காமத்தின் உண்மையை எழுத மாட்டேன் என்று ஏன் சொன்னார் என்பதற்கெல்லாம் அந்தப் பக்கங்களைப் படித்தபின் வேறொரு கனம் வந்துவிடுகிறது. எல்லாவற்றையும் கொட்டிவிடுவதுதான் மனம் திறப்பது என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். சொல்ல முடியாத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்று வாசகரிடம் வெளிப்படையாக அறிவித்தார் அவர். பொய்யான ஒன்றை அந்த இடத்தில் வைத்து நிரப்பவில்லை.

இந்த நூலில் என்னை அதிகம் பாதித்த கட்டுரை, மேரியன் டேவிஸின் அக்காள் மகளைப் பற்றியது. மேரியன் டேவிஸ் நடிகை, பத்திரிகைப் பேரரசர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்டின் துணைவி. கலிஃபோர்னியாவில் சான் சிமியோன் குன்றின்மேல் ஹெர்ஸ்ட் கட்டிய மாளிகை உலகப் புகழ்பெற்றது. அந்த மாளிகையில் சித்தியின் நிழலில் வளர்ந்தவர் பெப்பி லெடரர். நகைச்சுவையும் அறிவும் உள்ள பெண், எழுத்தில் ஆசை கொண்டவர், பெண்களை நேசித்தவர். எல்லோருக்கும் அவர் மேரியனின் வீட்டுப் பிள்ளை, அவ்வளவுதான். குடியும் போதைமருந்தும் பழகிப்போயின. 1935-ல், 25 வயதில், சிகிச்சைக்காகச் சேர்க்கப்பட்ட மருத்துவமனையின் ஜன்னலிலிருந்து குதித்து இறந்துவிட்டார்.

அந்த மாளிகையைப் பற்றி எழுதியவர்கள் எத்தனையோ பேர். விருந்தாளிகளின் பட்டியல், விலங்குகள், நீச்சல் குளம் என்று எழுதிக் குவித்திருக்கிறார்கள். புரூக்ஸ் அந்த வீட்டை, அங்கே மதிக்கப்படாத ஒருத்தியின் கண்வழியே பார்க்கிறார். பெரிய மனிதர் ஒருவரின் தயவில் வாழும் வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை, வேலை என்று எதுவும் இல்லை, தனக்கென்று எதையும் உருவாக்க வழியில்லை. பெப்பி கொஞ்சம் கொஞ்சமாக அழிந்ததை அருகிலிருந்து பார்த்தவர் எழுதுகிறார். பெப்பியைப் பரிதாபத்துக்குரியவராக அவர் ஆக்குவதில்லை. பெப்பியின் பேச்சும் குறும்பும் பசியும் கோபமும் அந்தப் பக்கங்களில் உயிரோடு இருக்கின்றன. ஒரு தோழிக்குச் செய்யக்கூடிய நீதி இதைவிடப் பெரிதாக எதுவும் இல்லை என்பேன். இந்தக் கட்டுரையில் தன் முகத்தையும் அவர் பார்த்திருக்கிறார் என்பது என் எண்ணம். பிறர் பணத்தில் வாழ்வதன் சுகமும் அழிவும் இருவருக்கும் பொதுவாக இருந்தன.

ஹம்ஃப்ரி போகார்ட்டைப் பற்றிய கட்டுரையும், டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸைப் பற்றிய கட்டுரையும் சினிமா படிக்கும் மாணவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டியவை. போகார்ட்டை 1924-லேயே அவருக்குத் தெரியும். மருத்துவர் வீட்டுப் பிள்ளை, நல்ல உடையும் நல்ல பழக்கமும் கொண்ட நாடக நடிகர். அந்த அமைதியான ஹம்ஃப்ரியின் மேல் 'போகி' என்ற முரட்டு உருவத்தை விளம்பரமும் படங்களும் ஏற்றியது எப்படி என்று படிப்படியாகக் காட்டுகிறார். 1950-ல் வந்த 'இன் எ லோன்லி பிளேஸ்' படத்தில்தான் அந்த மனிதர் தன் உண்மைக்கு மிக அருகில் வந்தார் என்பது அவர் தீர்ப்பு. அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அது சரி என்று தெரியும். மேடையில் முழு உடம்பாலும் சிரிக்கவைத்த ஃபீல்ட்ஸ், சினிமா அவரைத் துண்டு துண்டாக வெட்டி அருகாமைக் காட்சிகளாக ஒட்டியபோது எவ்வளவை இழந்தார் என்று அவர் எழுதுவதும் அப்படித்தான். 'ஃபாலீஸ்' மேடையில் இரவுதோறும் பக்கத்திலிருந்து பார்த்தவர், 1926-ல் அவரோடு ஒரே படத்தில் நடித்தவர். அந்த நெருக்கம் இல்லாமல் இந்த விமர்சனம் வந்திருக்காது.

லிலியன் கிஷ், கிரேட்டா கார்போ இருவரைப் பற்றிய கட்டுரையில் மட்டும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. நட்சத்திரங்களின் சம்பளத்தையும் செல்வாக்கையும் ஒடுக்க ஸ்டுடியோ முதலாளிகள் திட்டமிட்டுப் போர் தொடுத்தார்கள், குறைந்த செலவில் வந்த கார்போவை வைத்துக் கிஷ்ஷை ஓரங்கட்டினார்கள் என்பது அவர் வாதம். 1920-களின் ரசனையே மாறிக்கொண்டிருந்தது என்பதற்கு அவர் போதிய இடம் தரவில்லை. ஆனாலும் அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம். 1928-ல் பேசும்படம் வந்த நேரம். ஒப்பந்தப்படி தர வேண்டிய சம்பள உயர்வைத் தராமல், வாரம் 750 டாலருக்கே இருப்பதானால் இரு, இல்லாவிட்டால் போ என்றார் பாரமவுண்டின் ஷூல்பெர்க். போகிறேன் என்று சொல்லிவிட்டு பெர்லினுக்குக் கப்பல் ஏறினார் புரூக்ஸ். ஏற்கெனவே நடித்து முடித்திருந்த 'கேனரி மர்டர் கேஸ்' படத்துக்குக் குரல் கொடுக்கத் திரும்ப வரச்சொன்னபோது மறுத்தார். வேறொரு நடிகையின் குரலை வைத்துப் படத்தை வெளியிட்டார்கள். புரூக்ஸின் குரல் பேசும்படத்துக்கு உதவாது என்ற பேச்சையும் பரப்பிவிட்டார்கள். ஹாலிவுட்டில் அவருடைய தொழில் அத்தோடு சரிந்தது. கிஷ்ஷுக்காக வாதாடியபோது அவர் தனக்காகவும்தான் வாதாடினார்.

நூலின் கடைசிக் கட்டுரை பாப்ஸ்ட்டையும் லூலூவையும் பற்றியது. 'பண்டோராவின் பெட்டி'யின் இயக்குநர் ஜி. டபிள்யூ. பாப்ஸ்ட், ஜெர்மன் நாடகாசிரியர் வெடகிண்டின் நாடகங்களைப் படமாக்க லூலூவைத் தேடிக்கொண்டிருந்தார். மர்லீன் டீட்ரிச்சை ஒப்பந்தம் செய்யும் தறுவாயில், புரூக்ஸ் கிடைக்கிறார் என்ற செய்தி அவருக்கு வந்தது. ஜெர்மானியர்களின் லூலூவாக ஓர் அமெரிக்கப் பெண்ணா என்று பெர்லினில் முணுமுணுப்பு. உடன் நடித்த ஃபிரிட்ஸ் கோர்ட்னர் அவரோடு பேசவே மாட்டார். ஒரு காட்சியில் தோளைப் பற்றி உலுக்கியதில் பத்து விரல்களின் தடமும் கன்றிப்போயிற்று. பாப்ஸ்ட் அந்தப் பகையைத் தணிக்க முயலவில்லை, படத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார். புரூக்ஸ்மேல் காதல் கொண்ட சீமாட்டியாக நடித்த ஆலிஸ் ராபர்ட்ஸ் அந்தக் காதல் பார்வையைப் பார்க்க மறுத்தபோது, பாப்ஸ்ட் கேமராவுக்கு வெளியே தான் போய் நின்றுகொண்டு, தன்னைப் பார்க்கச் சொன்னார். நாம் திரையில் கண்ட அந்த ஏக்கம் உண்மையில் இயக்குநரை நோக்கியது.

கடைசிக் காட்சிக்கான உடையின் கதையையும் கேளுங்கள். லண்டன் சேரியில், கிறிஸ்துமஸ் இரவில், வறுமையில் இருக்கிறாள் லூலூ. புரூக்ஸின் சொந்த உடைகளில் அவர் மிகவும் விரும்பிய ஒன்றை எடுத்துச் சென்று, கிழித்து, எண்ணெய்ப்பிசுக்கு ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பார்த்ததும் அழுதுவிட்டார். அந்த அழுக்கை உடுத்திக்கொண்டு அரங்குக்குள் போனபோது, நம்பிக்கையெல்லாம் போன அந்தப் பெண்ணாகவே அவர் மாறியிருந்தார். பாப்ஸ்ட் எதுவும் விளக்கவில்லை, உடை விளக்கிவிட்டது. நடிப்புப் பள்ளிகளில் பல மாதங்கள் சொல்லித்தருவதை இந்த ஒரு பத்தி சொல்லிவிடுகிறது. அந்தப் படம் வந்தபோது இவருக்கு நடிக்கவே தெரியவில்லை என்று எழுதினார்கள். இவர் உண்மையிலேயே பெரிய கலைஞரா, அல்லது அழகு நம்மை ஏமாற்றுகிறதா என்று சினிமா விமர்சகர் லோட்டே ஐஸ்னர்கூட முதலில் ஐயப்பட்டு எழுதி, பிறகு தம் நூலின் மறுபதிப்பில் அதைத் திருத்திக்கொண்டார்.

பிரியும்போது பாப்ஸ்ட் ஒரு வார்த்தை சொன்னார். உன் வாழ்க்கை லூலூவின் வாழ்க்கையைப் போலவே இருக்கிறது, நீயும் அவளைப் போலவே முடிவாய் என்றார். அன்று அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை, முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹாலிவுட்டில் வேலையற்றுப் போய், 1938-ல் ஜான் வெய்னோடு ஒரு சில்லறைக் கௌபாய் படத்தில் நடித்து முடித்தபின், அந்தச் சொல் மறுபடி காதில் விழுந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு கான்சாஸுக்குத் திரும்பிவிட்டார்.

அங்கும் இருக்க முடியவில்லை. போனதையும் மன்னிக்காத ஊர், தோற்றுத் திரும்பி வந்ததையும் மன்னிக்கவில்லை. 1943-ல் நியூயார்க்குக்குப் போனார். சிறிது காலம் வானொலி நாடகம், 1946 முதல் இரண்டு ஆண்டு ஒரு பெரிய துணிக்கடையில் விற்பனைப் பெண். விலைமகளாவது ஒன்றுதான் தனக்கு வருமானம் தரும் தொழிலாக எஞ்சியிருந்தது என்றும், தூக்க மாத்திரைப் புட்டிகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த நாட்கள் உண்டு என்றும் அவரே எழுதியிருக்கிறார். குடி அவரைப் பிடித்திருந்தது. இளைஞர்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். ஆனால் பாதிப் பதில்.

மீதிப் பாதி 1955-ல் பாரிசில் தொடங்குகிறது. பிரெஞ்சுத் திரைப்படக் காப்பகத்தின் ஹென்றி லாங்லுவா, தாம் நடத்திய சினிமாக் கண்காட்சியின் வாசலில் இரண்டு மாபெரும் உருவப்படங்களை வைத்தார். ஒன்று ஜோன் ஆஃப் ஆர்க்காக நடித்த ஃபல்கோனெட்டி, மற்றொன்று புரூக்ஸ். அதையொட்டி, ராச்செஸ்டர் நகரில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் மாளிகையின் திரைப்படத் தொகுப்பைக் கவனித்துவந்த ஜேம்ஸ் கார்ட் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார். 1956-ல் புரூக்ஸ் அந்த நகருக்கே குடிபெயர்ந்தார். தான் நடித்த காலத்தில் பார்க்காமல் அலட்சியப்படுத்திய படங்களை, 50 வயதில், தொகுப்பகத்தின் இருட்டறையில் முதல்முறையாகக் கவனமாகப் பார்த்தார். எழுதத் தொடங்கினார். லண்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' போன்ற பத்திரிகைகளில் ஒவ்வொன்றாகக் கட்டுரைகள் வெளிவந்தன. 1979-ல் கென்னத் டைனன் 'நியூயார்க்கர்' இதழில் அவரைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை புதிய தலைமுறைக்கு அவரை அறிமுகப்படுத்தியது. அடுத்த மூன்று ஆண்டுகளில் நூல் வந்தது, அந்த இதழின் ஆசிரியர் வில்லியம் ஷான் முன்னுரை எழுதினார். 1985 ஆகஸ்ட் 8-ல் ராச்செஸ்டரில் புரூக்ஸ் காலமானார்.

நண்பர்களே, இந்தக் கதையில் நடிகைக்கு இணையாக நான் மதிப்பது அந்தத் தொகுப்பகத்தை. யாரோ ஒருவர் தேடிப்போனார், உட்கார இடம் கொடுத்தார், பழைய படங்களைப் போட்டுக் காட்டினார், எழுது என்றார். அதனால்தான் நமக்கு இந்தப் புத்தகம் கிடைத்தது.

நம் மொழியில் இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்' நூலில் அவர் தம் உடன் நடித்த ரங்கவடிவேலுவைப் பற்றி எழுதிய இடங்களைப் படித்துப் பாருங்கள். அவ்வை டி. கே. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' நூலில் ஒரு நாடகக் குழுவே உயிரோடு நடமாடுகிறது. அந்த வழியில் நம் சினிமாவின் பெண்கள் எழுதியது மிகக் குறைவு. துணை வேடங்களில் நடித்தவர்கள், குழு நடனத்தில் ஆடியவர்கள், கதாநாயகிகளுக்குக் குரல் கொடுத்தவர்கள், இவர்களில் பலர் இன்று எழுபது எண்பது வயதில் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். உங்கள் வாழ்க்கைக் கதையைச் சொல்லுங்கள் என்று கேட்டால் அவர்கள் தயங்குவார்கள், அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. அப்படிக் கேட்காதீர்கள். உங்களோடு நடித்த ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள், ஒரு படப்பிடிப்பைப் பற்றிச் சொல்லுங்கள், உங்களுக்குப் பிரியமாக இருந்த ஒரு தோழியைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். பத்துப் பக்கம் போதும். எழுத முடியாதவர்கள் பேசட்டும், நாம் பதிவு செய்து எழுதிக் கொடுத்து, அவர்கள் ஒப்புதலோடு வெளியிடுவோம். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்ற உரிமை முழுவதும் அவர்களுடையதாக இருக்கட்டும்.

இந்த வேலையை நம் சங்கமே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்படி ஒருவரை உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால், இன்று கலைந்து போகுமுன் செயலாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நேரில் போய்ப் பேசவும் எழுதவும் நானும் வருகிறேன்.